திறமை ஓர் அனுமதிச் சீட்டா?

நம் பங்குகளில் சீட்டாட்டத்தைப் பற்றி இரண்டு கருத்துகள்தாம் புழக்கத்தில் உள்ளன. சீட்டைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்பது பெரியவர்களின் கருத்து. இது சூது அன்று, திறமைக்கான விளையாட்டு என்பது கைபேசியில் பணம் கட்டி ஆடியவர்களும், அதைவிட உரத்த குரலில் அவர்களை ஆட வைத்தவர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கருத்து. முன்னது சோம்பலிலிருந்து பிறந்தது. பின்னது பேராசையிலிருந்து பிறந்தது. ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், கேட்டே தீர வேண்டிய ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க இரண்டுமே துணைபுரிகின்றன. அந்தக் கேள்வி இதுதான்: இந்த ஆட்டத்தை நடத்துகிறவன் யாருடைய இழப்பைத் தின்று வாழ்கிறான்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ரம்மி, போக்கர் நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன என்றாலும், "தொல்லை தீர்ந்தது, சாமி" என்று பலர் என்னிடம் சொல்லி மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் தீர்ந்தது இன்னது, தீராதது இன்னது என்று பிரித்தறிய நாம் இன்னும் பழகவில்லை. பழகாத காரணத்தால், தண்டிக்க வேண்டாதவனைத் தண்டித்து, தடுக்க வேண்டியதைக் கைவீசி உள்ளே விடுகிறோம்.

பனமலைக்கு வரும் வெளியூரார் குன்றின் மேலுள்ள பல்லவன் இராசசிம்மனின் தாளகிரீசுவரர் கோயிலையும், அதிலுள்ள தேவியின் பழைய ஓவியத்தையும் காண வருகிறார்கள். உள்ளூர் இளைஞர்களோ குன்றின் அடிவாரத்து மர நிழலில் கைபேசித் திரையைப் பார்த்தபடி இருக்கிறார்கள். இப்பகுதியில் பாலிடெக்னிக் படிக்கும் மாணவன் ஒருவனை அவன் தாய் என் முன் கொண்டுவந்து நிறுத்தினார். "ராத்திரி பகலா சீட்டு ஆடுறான் சாமி. நீங்கதான் புத்தி சொல்லணும்." பையன் தலைகுனிந்து நின்றான். கையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. "இதுல காசு கட்டி ஆட முடியாது ஃபாதர்" என்பதே அவன் சொன்ன ஒரே எதிர்வாதம். அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். அறிவுரைக்கு முன் விசாரணை வேண்டும் அல்லவா?

ஆட்டத்தின் பெயர் ஹார்த்ஸ்டோன். 2014இல் பிளிசார்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. நாம் அறிந்த ஐம்பத்திரண்டு சீட்டு இதில் இல்லை. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து முப்பதை மட்டும் தேர்ந்து, ஆட்டக்காரனே தன் சீட்டுக்கட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சீட்டு இரண்டு படிகளுக்கு மேல் கூடாது. மிக அரியது என்றால் ஒன்றே. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. அது காசால் ஆன விலை அன்று. முதல் முறையில் ஒன்று, இரண்டாம் முறையில் இரண்டு என்று பத்து வரை வளரும் ஆற்றலைக் கொண்டுதான் சீட்டுகளை இறக்க முடியும். இருவருக்கும் முப்பது உயிர்ப்புள்ளிகள். எதிரியின் முப்பதும் தீர்ந்தால் வெற்றி.

இவ்வளவுதானே என்று தோன்றும். நோட்டைப் புரட்டிய பின் அப்படித் தோன்றவில்லை. விலை மிகுந்த வலிய சீட்டுகளாகவே முப்பதையும் நிரப்பினால், முதல் நான்கு முறை கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டும். மலிவான சீட்டுகளாகவே நிரப்பினால், ஆறாம் முறையில் கை காலியாகி மூச்சு நின்றுவிடும். ஆகவே எந்த விலையில் எத்தனை சீட்டு என்பதை ஓர் இல்லத்தலைவி மாதச் சம்பளத்தைப் பங்கிடுவதுபோல் பங்கிட வேண்டும். ஒரு பக்கத்தில் அவன் அடித்திருந்த சீட்டைக் காட்டி, "இது நல்ல சீட்டுன்னுதானே எழுதியிருக்கே, ஏன் எடுத்துட்டே?" என்று கேட்டேன். "நல்ல சீட்டுதான் ஃபாதர். ஆனா இந்தக் கட்டுல அதுக்கு வேலை இல்ல." நம் பங்குப் பேரவைகளை அமைக்கும்போது இந்த வாக்கியம் நமக்கு நினைவிருந்தால் எத்தனை நன்று!

கட்டுகளிலும் சாதிகள் உண்டு. சில, முதல் முறையிலிருந்தே பாய்ந்து எதிரி நிலைகொள்ளும் முன் முடித்துவிடப் பார்ப்பவை. சில, அடியைத் தாங்கி, வருவதை ஒவ்வொன்றாக அழித்து, எதிரி களைத்த பின் கை வைப்பவை. செஞ்சிக்காரனுக்கு இதை விளக்கப் பாடநூல் தேவையில்லை. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படை மேல் சில நூறு குதிரை வீரர்களோடு பாய்ந்து மாண்ட தேசிங்கு ராஜன் முதல் வகை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை மதிலுக்கு வெளியே காக்க வைத்த அதே செஞ்சிக் கோட்டை இரண்டாம் வகை. இன்ன வாரத்தில் எதிரிகள் பெரும்பாலும் எந்த வகைக் கட்டோடு வருகிறார்கள் என்று கணித்து, அதற்கேற்ப இரண்டு மூன்று சீட்டுகளை மாற்றுவதும் கட்டமைப்பின் ஒரு பகுதியே. மாணவன் ஒவ்வொரு தோல்வியின் எதிரிலும் ஒரு வரி எழுதியிருந்தான். "சீட்டு வரவில்லை" என்பதைவிட "அவசரப்பட்டேன்" என்பதே அதிகம் காணப்பட்டது.

அமைத்த கட்டை ஓட்டுவது வேறொரு கலை. முதலில் ஆடுபவனுக்கு மூன்று சீட்டுகள் வரும்; வேண்டாதவற்றை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு படி வைத்திருக்கும் ஒரு குறிப்பிட்ட சீட்டு அந்த முதல் மூன்றில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 19. மூன்றையும் மாற்றத் துணிந்தால் அது 37 வரை உயரும். கையில் உள்ள சுமாரான சீட்டை விட்டு, வராமலும் போகக்கூடிய நல்ல சீட்டைத் தேடுவதா? எதிரி இரண்டு முறையாக ஒரு சீட்டை இறக்காமல் வைத்திருக்கிறானே, அது என்ன? இன்று அடிப்பதா, நாளைக்கு வைப்பதா? நற்சீட்டு வந்தும் தோற்பவன் உண்டு. தீய சீட்டு வந்தும் இழப்பைக் குறைத்து எழுபவன் உண்டு. அதிர்ஷ்டத்தைக் காரணம் காட்டாமல் தன் முடிவுகளை மட்டும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் துறவற நவகன்னியர் இல்லங்களிலேயே எளிதில் கைகூடுவதில்லை.

ஆகவே அந்தத் தாய் எதிர்பார்த்த கண்டனத்தை நான் வழங்கவில்லை. தூக்கத்தையும் தேர்வையும் குறித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சீட்டைக் குறித்துச் சொல்ல ஒன்றுமில்லை. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்த ஆட்டம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. ஹாங்காங் முதலிடமும் இந்தோனேசியா இரண்டாம் இடமும் பெற, குஜராத்தின் தீர்த் மேத்தா மூன்றாம் இடம் பெற்று வெண்கலத்தோடு நாடு திரும்பினார். அதிகாரப்பூர்வப் பதக்கப் பட்டியலில் அது சேரவில்லை என்றாலும், சீட்டைத் தொட்டவன் உருப்பட மாட்டான் என்னும் முதுமொழிக்கு அது ஒரு சிறு இடையூறே.

புனித தாமஸ் அக்குவினாஸ், குருமடத்தில் நாங்கள் 'சும்மா' என்றே அழைத்த, எடையில் சற்றும் சும்மா இல்லாத தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்று கேட்டு, உண்டு என்கிறார். உடலுக்கு ஓய்வு போல மனத்துக்கு விளையாட்டு. எப்போதும் வளைத்தே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்னும் பழைய துறவியர் கதையை அவரும் எடுத்தாள்கிறார். விளையாட்டே அறியாமல், பிறர் விளையாட்டையும் கெடுப்பவனிடம் குறையுண்டு என்று கூறவும் அவர் தயங்கவில்லை. நம் ஞாயிறு மறையுரைகளில் இப்பகுதி ஏனோ இடம்பெறுவதே இல்லை.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கூட்டத்தார் எழுந்து நின்று கைதட்டுவார்கள். "பாருங்கள், பங்குத்தந்தையே ஒப்புக்கொள்கிறார், திறமை இருந்தால் குற்றமில்லை!" அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

திறமை என்னும் சொல் நம் நீதிமன்றங்களில் ஓர் அனுமதிச் சீட்டாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. 1957இல் உச்ச நீதிமன்றம் திறமைப் போட்டியையும் சூதையும் பிரித்தது. 1967 நவம்பரில், செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று அறிய வேண்டியிருக்கிறது என்று கூறியது. இந்த ஒரு கருத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத ரம்மி நிறுவனம் இருந்திருக்க முடியாது. ஆனால் அதே தீர்ப்பு, பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் இலாபம் பெறுவதாகச் சான்று இருந்தால் குற்றம் நிலைநாட்டப்படக்கூடும் என்றும் சொல்லியிருந்தது. அந்தப் பகுதியை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஒவ்வொரு மேசையிலும் யார் வென்றாலும் தன் பங்கை எடுத்துக்கொண்ட நிறுவனத்தை இடத்தின் உரிமையாளர் என்று அழைக்காமல் வேறெப்படி அழைப்பது?

தமிழ்நாடு இதனோடு போராடிய வரலாறு அண்மைக்காலத்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் முதல் தடைச் சட்டத்தை நீக்கியது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. காரணம்? அவை திறமை விளையாட்டுகளாம். பேயை ஓட்ட வந்த மந்திரவாதி வீட்டில் இருந்த பூனையை ஓட்டிவிட்டு, பேயை மட்டும் விட்டுச் சென்ற கதைதான். பின்னர் வந்த விதிகள் நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை ஆட்டத்தை நிறுத்தின; 2025 ஜூனில் அவற்றை நீதிமன்றம் ஏற்றது. திறமை விளையாட்டுக்கு ஏன் ஊரடங்கு என்று அப்போதாவது யாரேனும் கேட்டிருக்க வேண்டும்.

என் வாதம் எளியது. ரம்மியில் திறமை உண்டு என்றே ஒப்புக்கொள்வோம். எவ்வளவு அதிகமாக ஒப்புக்கொள்கிறோமோ, பணம் கட்டி ஆட வைத்தவர்களின் குற்றம் அவ்வளவு பெரிதாகிறது. காசைச் சுண்டிப் போட்டு ஆடும் ஆட்டத்தில் கூலித்தொழிலாளியும் கைதேர்ந்தவனும் ஏறத்தாழச் சமம். திறமை ஆட்டத்தில் அவர்கள் சமம் அல்லர். செங்கல் சூளையில் நின்று களைத்து வந்து பதின்மூன்று சீட்டைப் பிடிப்பவனை, நாளெல்லாம் அதையே தொழிலாகக் கொண்டவனோடு ஒரே மேசையில் அமர்த்தி, வரவேற்புப் பரிசு என்று ஆசை காட்டி, இடையில் கமிஷன் எடுத்ததைத் திறமைக்கு மரியாதை என்று சொன்னார்கள். மங்காத்தா ஆட வைத்த ஊர்ச் சண்டியனிடம் இந்தப் பாசாங்காவது கிடையாது. உள்ளே, வெளியே என்று முகத்துக்கு நேரே பிடுங்கினான்.

2019 டிசம்பரில் நம் விழுப்புரம் நகரிலேயே, பெற்றோரும் மூன்று பெண் குழந்தைகளும் அடங்கிய ஒரு குடும்பம் கடன் தாங்காமல் முழுதாக அழிந்தது. அவர்களை அழித்தது ரம்மி அன்று. தடை செய்யப்பட்டும் மறைவில் விற்ற மூன்று எண் லாட்டரி. அதில் திறமை அறவே இல்லை. கைபேசி ரம்மியில் கடன்பட்டு உயிர்விட்டவர்களைப் பற்றியும் செய்திகள் வந்தவண்ணமே இருந்தன. அதில் திறமை உண்டு என்று நீதிமன்றங்கள் சொல்லின. கல்லறைத் தோட்டத்தில் இந்த இரண்டு வகைக் குழிகளுக்கும் இடையே வேறுபாடு காண என்னால் இயலவில்லை.

2025இன் மத்தியச் சட்டத்தின் பெருமை இதுவே: திறமையா அதிர்ஷ்டமா என்னும் அறுபது ஆண்டுக் குழப்பத்தை அது தாண்டிச் சென்றது. பணத்தை வைத்துப் பணத்தை எதிர்பார்த்தால் அது பண விளையாட்டு, எதன் அடிப்படையில் ஆடினாலும் சரி என்றது. மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஏற்றுக்கொண்டது. நம் மாணவனின் நோட்டுப் புத்தகம் தப்பித்தது. ரம்மி மேசை தப்பவில்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2413) சொல்வதும் இதற்கு அருகில் உள்ளதே. அதிர்ஷ்ட ஆட்டமும் பந்தயமும் தம்மிலேயே நீதிக்கு முரண் அல்ல. தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை ஒருவனிடமிருந்து பறிக்கும்போது அவை ஏற்க முடியாதவை ஆகின்றன. அங்கேயும் அளவுகோல் திறமை அன்று. பறிபோவது யாருடைய சோறு என்பதே.

அப்படியானால் மாணவனின் ஆட்டம் முற்றிலும் தூயதா? இல்லை. பெற்றோர்களே, உங்கள் கவனம் இங்கே தேவை. சட்டத்தின் கை இதுவரை நீளவில்லை.

அந்த முப்பது சீட்டுகளும் எங்கிருந்து வருகின்றன? நிறுவனம் மூடிய உறைகளை விற்கிறது. ஓர் உறையில் ஐந்து சீட்டுகள். உள்ளே என்ன என்று திறக்கும்வரை தெரியாது. மிக அரிய வகைச் சீட்டு சராசரியாக இருபது உறைகளுக்கு ஒன்று. வேண்டாத அரிய சீட்டை உடைத்துத் தூளாக்கினால் 400 கிடைக்கும். வேண்டியதைச் செய்துகொள்ள 1600 தேவை. அதாவது நான்கை அழித்தால் ஒன்று! பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டையில் ஒரு சீட்டைக் கிழித்து, ஊதலோ பலூனோ என்று பார்த்த சிறு வயது நினைவுக்கு வருகிறதா? அதே அட்டைதான், வெளிச்சமும் இசையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த முறையைத் தொடங்கி வைத்தது கைபேசி அன்று. 1993இல் ரிச்சர்ட் கார்பீல்டு என்னும் கணித அறிஞர் வடிவமைத்த மேஜிக் என்னும் காகிதச் சீட்டாட்டமே மூடிய உறைகளில்தான் விற்பனையானது. அதே கார்பீல்டு 2016இல், ஆட்டத்துக்கு அடிமையானவர்களின் பலவீனத்தையே வருமானமாக்கும் விளையாட்டுகளைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

சீன அரசு இத்தகைய உறைகளில் எது எவ்வளவு வாய்ப்பில் கிடைக்கும் என்று வெளியிடக் கட்டளையிட்டபோது, 2017இல் அங்கு ஹார்த்ஸ்டோனில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. விற்பது தூள் மட்டும்தான், உறைகள் அன்பளிப்பு என்றார்கள்! ஒரு பொருளை விற்பதாக ஒப்புக்கொள்ளவே வெட்கப்படும் வணிகனைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருவது? பெல்ஜியம் 2018இல் காசு கொடுத்துத் திறக்கும் இவ்வகை மறைபொருள்களைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நம் நாட்டுச் சட்டமோ, திரும்பிப் பணம் வராத காரணத்தால், இதைப் பண விளையாட்டாகக் காணவில்லை. இழப்பது மட்டுமே சாத்தியம், வெல்வதற்கு வழியே இல்லை என்பதால் இது சூது ஆகாது என்னும் விந்தையான நிலை!

மாணவன் மூன்று மாதம் அன்றாடப் பணிகளை ஆடி முடித்துக் கிடைத்த தூளில் தன் கட்டை அமைத்தவன். அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வேறோர் ஆட்டத்தில், தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து கல்லூரிக் கட்டணத்தையே உறைகளாகத் திறந்து தீர்த்துவிட்டானாம். தந்தை அடித்தது மகனை. விற்றவனை அடிக்க அவருக்குக் கை எட்டவில்லை. அக்குவினாஸ், சூதில் வந்த பொருளைப் பற்றிப் பேசும் இடத்தில், தன் சொத்தைக் கைமாற்ற உரிமையில்லாத சிறுவரிடமிருந்தும் சித்தம் பேதலித்தவரிடமிருந்தும் வென்ற பொருளைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். பதினேழு வயதுப் பையனுக்கு மூடிய உறை விற்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே வீடுகளில் செய்ய வேண்டியது கைபேசியைப் பிடுங்கி உடைப்பது அன்று. பிள்ளை என்ன ஆடுகிறான் என்று உடன் உட்கார்ந்து பாருங்கள். கட்டை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் செலுத்தும் வழியை மட்டும் அடைத்துவிடுங்கள். உறை ஒன்றுகூடக் காசுக்குத் திறக்கக்கூடாது. அதுபோலவே, பண ரம்மி நின்றுவிட்டது என்று தந்தையர் மேல் கண் வைக்காமல் இருந்துவிடாதீர்கள். வேறு பெயரில், வெளிநாட்டு முகவரியில் அது திரும்பி வர முயலும். அன்பியக் கூட்டங்களில் பிள்ளைகளின் கைபேசியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அப்பாக்களின் கைபேசியைப் பற்றிப் பேசியதாக நான் கேட்டதில்லை.

இவ்வளவு எழுதிய பின் நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும். அக்குவினாஸின் மேற்சொன்ன பகுதி எந்தத் தலைப்பில் வருகிறது தெரியுமா? முறைகேடாக வந்த பொருளிலிருந்து தர்மம் செய்யலாமா என்னும் கேள்வியின் கீழ். 2003 ஜனவரியிலேயே அரசு தன் லாட்டரியை நிறுத்திவிட்ட இந்த மாநிலத்தில், ஆலயக் கட்டுமானத்துக்கென்று குலுக்கல் சீட்டுப் புத்தகங்களை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிற பங்குகள் உண்டு. முதல் பரிசு மோட்டார் வண்டி, கடைசிப் பரிசு குக்கர். புத்தகத்தை முழுதாக விற்ற பிள்ளைக்குப் பீடத்தின் முன் கைதட்டு. வாங்குகிறவர்கள் கொடை தருவதாகவே எண்ணுகிறார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் மோட்டார் வண்டியை எடுத்துவிட்டுக் கொடையை மட்டும் கேட்டுப் பார்க்கலாமே!

வரும் திருவிழாவுக்கு எங்கள் பங்கில் குலுக்கல் புத்தகம் அச்சிடப்படாது என்று பங்குப் பேரவையில் அறிவித்துவிட்டேன். கோபுர வேலைக்கு வரும் தொகை பாதியாகக் குறையும் என்றார் பொருளாளர். அவர் கணக்கு சரியானதே. கோபுரம் ஓர் ஆண்டு தாமதமாக எழும்பும்.